பிண்டூன் ஏற்றத்தில் இரண்டாவது கியர்

நராலிங் தானியக் கிடங்கின் எடைமேடையில் பதினேழு அறுவடையாக உட்கார்ந்திருக்கிறேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரை கோதுமை லாரிகளை எடை போடுவது என் வேலை. மற்ற ஒன்பது மாதமும் எடைமேடை அறையின் சாவி என் சமையலறை ஆணியில் தொங்கும். அது ஊருக்கே தெரியும் என்பதால் யாராவது வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதையும் மேடையில் ஏற்றாமல் நம்பிக்கை வராது. படகு வாங்கினால் எடை, கிடா வாங்கினால் எடை. கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை மாப்பிள்ளையையும் அவன் தோழர்களையும் பீர்ப் பெட்டிகளோடு மேடையில் நிறுத்தி, எடைச் சீட்டு அடித்து, அதை விருந்தில் எழுந்து வாசிப்பது வழக்கம். மேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே எதுவும் தெரியாது. பிறந்த குழந்தையைக் கிடத்தினால் சுழிதான் காட்டும். அதற்கும் சீட்டு வாங்கிப் போய்ச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு.

ராய்ஸ் மட்டும் தன் கேரவனை, வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற அந்தச் சக்கர வீட்டை, அங்கே கொண்டுவரவே இல்லை. வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி நான். வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்னைக்குக் கொண்டு வர?" என்று கேட்டால், "எல்லாம் முடியட்டும் ட்ரிஷ், முடிஞ்சப்புறம் கொண்டு வரேன்" என்பான். அவன் எல்லாவற்றையும் முடிக்கிற ஆள் இல்லை என்பது அவன் மனைவி மாரீனுக்கும் எனக்கும் தெரியும்.

ராய்ஸ் முப்பத்தொரு வருடம் ஊராட்சியில் கிரேடர் ஓட்டினவன். பிளேடால் மண்ணைச் சீவி ரோடு போடுகிற யந்திரம் அது. கிரேடருக்குப் பின்னால் ஒரு சின்னத் தகர வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு திங்கட்கிழமை போனானென்றால், அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமைதான் திரும்புவான். அந்தத் தகர வண்டியில்தான் படுக்கை, அடுப்பு, ஸ்பேர் சாமான் எல்லாம். நடுக்காட்டில் ஒரு ஹோஸ் வெடித்தால் யாரும் வரமாட்டார்கள். கையில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் கிளம்புவது என்றால் அவனுக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான். வேறு மாதிரி கிளம்பி அவனுக்குப் பழக்கம் இல்லை.

அவன் போட்ட ரோடுகளில் பாதியை மாரீன் பார்த்ததில்லை. அவள் வீட்டில் இருந்தாள். இரண்டு பெண்களை வளர்த்தாள், பள்ளிக்கூட கேன்டீனில் பை என்கிற இறைச்சிப் பலகாரம் சுட்டுக் கொடுத்தாள், வெள்ளிக்கிழமை மாலையில் அடுப்பில் மட்டனை வைத்துவிட்டு கிரேடர் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுக்கு ஒரு ஊர் மனசுக்குள் இருந்தது. இருபத்திரண்டு வயதில், வடக்கே கிம்பர்லியில் ஃபிட்ஸ்ராய் ஆற்றங்கரையில் ஒரு மாட்டுப் பண்ணையில், மாடு சேர்க்கிறவர்களுக்குச் சமையல்காரியாக ஒரே ஒரு சீசன் வேலை பார்த்தாள். பதினான்கு ஆம்பளைகளுக்கு மூன்று வேளையும் மாட்டிறைச்சியும் ரொட்டியும். சாயங்காலம் பாத்திரம் கழுவ ஆற்றுக்குப் போவாளாம். தண்ணீர் அப்போது ஒரு நிறத்தில் இருக்குமாம். அது என்ன நிறம் என்று நாற்பத்து நாலு வருடமாக எனக்கும் ஊருக்கும் சொல்லிப் பார்த்திருக்கிறாள், சொல்ல வந்ததில்லை. "டீ மாதிரி, ஆனா டீ இல்ல" என்பாள். "செம்பு மாதிரின்னு சொல்லலாம், அதுவும் இல்ல." அக்கா கல்யாணத்துக்காகத் தெற்கே வந்தவளை ராய்ஸ் ஆடக் கூப்பிட்டான். அதோடு சரி. அடுத்த வருஷம் உன்னை அங்கே கூட்டிப் போகிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டானாம்.

ஓய்வு பெற்றதும் பழைய வண்டியை விற்று யூட் என்கிற, பின்பக்கம் திறந்த டீசல் வண்டியும் அது இழுக்கக் கேரவனும் வாங்கினான். இதோ போகிறோம் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். முதல் வருடம் முன்பக்கத்துக்கு இரும்புத் தடுப்பு, இரண்டாவது பேட்டரி, பெரிய டீசல் டாங்க். இரண்டாவது வருடம் ஸ்பிரிங்குகளை மாற்றினான், காற்றடிக்கிற மெஷின், ஜெனரேட்டர், கூரையில் தட்டு, கூரைத் தட்டில் இன்னும் இரண்டு டயர். "இனிமே ஒண்ணே ஒண்ணுதான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். மாரீன் காலண்டரில் மே மாதத்தைத் திருப்பும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகத் திருப்புவாள். மே முதல் செப்டம்பர் வரைதான் வடக்கே போகலாம். அப்புறம் வெயில், அதற்கப்புறம் வெள்ளம்.

இந்த ஏப்ரலில்தான் முதல்முறையாக இழுத்துப் பார்த்தார்கள். பெர்த் பக்கம் போய், வடக்கே போகிற ரோட்டில் பிண்டூன் ஏற்றத்தில் ஏறினார்கள். நீளமான, விடாத மேடு அது. பாதி மேட்டில் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு, மூன்று, அப்புறம் இரண்டாவது கியர். மணிக்கு முப்பத்தைந்து. சூட்டு முள் மேலே போய்க்கொண்டே இருந்தது. பின்னால் பதினொரு வண்டிகள், அதில் மூன்று பெரிய லாரிகள். ரோட்டில் வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற ரேடியோவில் ஒரு லாரிக்காரன் குரல் வந்தது.

"முன்னாடி எவண்டா அது? வீட்டையே பேத்துக்கிட்டுப் போறானா?"

இன்னொருவன், "அடித்தளத்தையும் சேத்து எடுத்துட்டான் போலிருக்கு" என்றான்.

இதை மாரீன் என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். ராய்ஸ் சிரிக்கவில்லை. மறுநாளே திரும்பி வந்து, கேரவனைக் கொட்டகைக்குள் விட்டு, கதவைச் சாத்திவிட்டான்.

அந்த வாரத்திலிருந்துதான் ட்யூன் பேச்சு ஆரம்பித்தது.

ட்யூன் என்றால் வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றுவதில்லை. லேப்டாப்பைச் சொருகி, என்ஜினுடைய மூளையில் இருக்கிற எண்களை அழித்து வேறு எண்களை எழுதுகிறார்கள். டீசல் எப்போது, எவ்வளவு, காற்று எவ்வளவு என்பதெல்லாம் அந்த எண்களில்தான் இருக்கிறது. அதே என்ஜின், ஆனால் மேட்டில் வேறு ஆள் மாதிரி இழுக்கும் என்கிறார்கள். மேற்கே பெரிய பண்ணை வைத்திருக்கிற ஹேமிஷ் செய்துகொண்டான். பெட்ரோல் பங்கில் இறைச்சிப் பை தின்னும்போதெல்லாம் அதையேதான் பேசுவான். ஆனால் ஹேமிஷ் பின்னால் ஏற்றிப் போவது இரண்டு நாய்களை.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். என் புருஷன் போனதிலிருந்து அப்படி. அன்றைக்கு உப்புக்கண்ட மாட்டிறைச்சியும் வெள்ளை சாஸும் முட்டைக்கோஸும். ஜூன் பிறந்தும் வெளியே விதைப்புக் காலத்துப் புழுதிக் காற்று. முதல் மழை இன்னும் வரவில்லை. எல்லோரும் காய்ந்த மண்ணிலேயே விதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பெர்த்துல ஜாரட்னு ஒருத்தன், ட்ரிஷ்," என்றான் ராய்ஸ். "இதே மாடல் வண்டி நூறு பண்ணியிருக்கானாம். ரெண்டாயிரத்து நானூறு டாலர். டீசல்கூட மிச்சம் ஆகும்ங்கறான்."

"டீசல் மிச்சமாகும்னு சொல்லாத ஒரு சாமானை இந்த வீட்டுக்கு நீ வாங்கினதே இல்ல," என்றாள் மாரீன்.

"அந்தப் பெரிய டாங்க் மிச்சம்தானே?"

"டாங்க் எப்படி மிச்சம் பண்ணும்? அது டீசலைத் தூக்கிக்கிட்டுப் போகும், அவ்வளவுதான்."

"விலை குறைஞ்ச இடத்துல ரொப்பிக்கலாம்ல."

நான் இறைச்சியை வெட்டிக்கொண்டே கேட்டேன். "ரெண்டாயிரத்து நானூறோட முடியுதா?"

ராய்ஸ் கடுகு சாஸ் ஜாடியைத் திறந்து மூடினான்.

"கிளட்ச் மாத்தணும்," என்றான். "ட்யூன் பண்ணினா என்ஜின் இழுக்கற இழுப்புக்குப் பழைய கிளட்ச் தாங்காதாம், வழுக்கிடுமாம். கனமான கிளட்ச் ஒண்ணு இருக்கு. மூவாயிரத்து நூறு."

"ஆக ஐயாயிரத்து ஐநூறு," என்றேன்.

"போறதுக்குன்னு ஒதுக்கி வச்சது ஆறாயிரம்," என்றாள் மாரீன். "வண்டி தயாரா நிக்கும். போறதுக்குத்தான் வழி இருக்காது."

"அடுத்த வருஷத்துக்குச் சேத்துக்கலாம் மாரீன். இந்த வண்டியில இப்படியே உன்னை ஏத்திக்கிட்டு ரெண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டர் போறது பைத்தியக்காரத்தனம். நடுவழியில என்ஜின் போச்சுன்னா?"

"முப்பத்தஞ்சுல ஏறினாத்தான் என்ன? எனக்கு என்ன ரயிலா பிடிக்கணும்?"

"உனக்குத் தெரியாது," என்று கத்தியைக் கீழே வைத்தான். அவன் முகம் சிவந்துவிட்டது. "முப்பத்தொரு வருஷம் மணிக்கு ஆறு கிலோமீட்டர்ல ஓட்டியிருக்கேன். பால் வண்டி என்னைத் தாண்டிப் போச்சு. பள்ளிக்கூட பஸ் தாண்டிப் போச்சு. ஒருதடவை ஆடு தாண்டிப் போச்சு, சிரிக்காத ட்ரிஷ், நெஜமாத்தான். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, ஒரு மேட்டுல, எவனையாவது ஒருத்தனைத் தாண்டிட்டுப் போகணும். அது தப்பா?"

தப்பில்லை. எனக்கே பாவமாக இருந்தது. மாரீன் எழுந்து அவன் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்தாள். வைத்த இடம் தட்டுக்கு ஓரம். சாஸ் மேசை விரிப்பில் பட்டது. "உன் இடது கண்ணை வச்சுக்கிட்டு என் சட்டையில ஊத்தாம விட்டியே," என்றான் ராய்ஸ், சமாதானம் பேசுகிற குரலில்.

மாரீனின் இடது கண் போய் இரண்டு வருடம் ஆகிறது. முழுவதும் போகவில்லை. ஓரமெல்லாம் தெரியும். நேராகப் பார்க்கிற நடு இடம்தான் போய்விட்டது, அழுக்கு விரலை வைத்துத் தேய்த்தது மாதிரி. எட்டு வாரத்துக்கு ஒருமுறை பெர்த்துக்குப் போய்க் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வலது கண் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்றுதான் ராய்ஸ் நினைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஊசிக்கு அவளை நான்தான் கூட்டிப் போனேன். ராய்ஸுக்கு ஊசியை நினைத்தாலே மயக்கம் வரும். திரும்பும்போது இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தது. இடதில் மட்டும்தான் வழக்கமாகப் போடுவார்கள்.

நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன். அப்புறம் அவளே பேசினாள்.

"வலதும் ஆரம்பிச்சிடுச்சு ட்ரிஷ். ஈஸ்டர் சமயத்துலேர்ந்தே. வாரப் பத்திரிகையில குறுக்கெழுத்துக் கட்டம் நடுவுல ரெண்டு கட்டம் காணாமப் போச்சு. பத்திரிகைக்காரன்தான் தப்பா அச்சடிச்சுட்டான்னு நெனச்சேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஊசியைப் போட்டுப் பாக்கலாம்னார். நிக்கலாம், நிக்காமலும் போகலாம்னார். அப்புறம், பாக்கணும்னு ஏதாவது வச்சிருந்தா தள்ளிப் போடாதீங்கன்னார். எவ்வளவு மரியாதையாச் சொன்னார் தெரியுமா? கடைசி பஸ் போகுது ஏறிக்கோங்கன்னு சொல்ற மாதிரி."

"ராய்ஸ்கிட்ட சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"பைத்தியமா நீ? சொன்னா நாளைக்கே கிளம்புவான்."

"நீ அவனோட குடும்பம் நடத்தினதில்ல," என்றாள். "சொன்னா பயந்துடுவான். பயந்தா இன்னும் நாலு சாமான் வாங்குவான். குருட்டுப் பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு எப்படிப் போறதுன்னு ஆறு மாசம் யோசிப்பான். நானா கேட்டு, அவனா சம்மதிச்சு, சாதாரணமாப் போகணும் ட்ரிஷ். நோயாளிய வேண்டுதலுக்குக் கூட்டிப் போற மாதிரி இல்ல."

நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். கட்டுப் போட்ட கண்ணோடு அவள் என் தோளைத் தட்டினாள். தட்டத் தேடியதில் முதலில் ஹேண்ட் பிரேக்கைத்தான் தட்டினாள். ஊர் எல்லை வந்ததும் ராய்ஸ் பார்க்காதபடி வலது கண் கட்டைப் பிரித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவர்களை எடைமேடைக்கு வரவைத்தது நானுமில்லை மாரீனுமில்லை. ஜாரட். ட்யூனுக்கு நாள் குறிக்க ராய்ஸ் போன் செய்தபோது, ஏழு வாரம் கழித்துத்தான் நேரம் இருக்கிறது என்றவன், "முழுசா சாமான் ஏத்தி, யூட்டும் கேரவனும் சேந்து என்ன எடைன்னு சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரிதான் எண்களை எழுதணும்" என்றானாம். ஏழு வாரம் என்றால் ஆகஸ்டு. கிளட்சுக்கு இன்னொரு வாரம். அதற்குள் அடுத்த ஊசி, அதற்கப்புறம் வெயில். மாரீன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்ததை நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். கிடங்கு காலியாகக் கிடந்தது. கிளிகள் மட்டும் சிந்திய கோதுமையைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. மேற்கே மேகம் திரண்டிருந்தது, ஆனால் அதை அந்த மாதம் முழுவதும் பார்த்துச் சலித்திருந்தோம். ராய்ஸ் மெதுவாக மேடையில் ஏற்றி நிறுத்தினான். யூட்டும் கேரவனும் சரியாக மேடையின் நீளத்துக்கு இருந்தன. அவன் என்னைத் தெரியாத வாடிக்கையாளர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மாரீன் இறங்கி மேடையை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஏறு," என்றான் ராய்ஸ். "நீ இல்லாம எப்படிக் கணக்கு?"

"நானும் சாமானா?" என்று திரும்பப் போய் ஏறிக்கொண்டாள். நான் உள்ளே பொத்தானை அழுத்தினேன். அறைக்கு வெளியே, டிரைவர்கள் பார்ப்பதற்காக, முழ உயரத்துக்குச் சிவப்பு விளக்கில் எண் வரும். 7860.

அந்த வண்டிக்கு அனுமதித்தது கேரவனோடு சேர்த்து ஏழாயிரம்.

"மேடை தப்பு," என்றான் ராய்ஸ்.

"பதினேழு அறுவடையா அம்பதாயிரம் லாரி ஏறின மேடைடா இது," என்றேன். " உன் கேரவனுக்காகப் பொய் சொல்லுமா? எண்ணூத்தி அறுபது கிலோ அதிகம். ரேடியோவுல அந்த லாரிக்காரன் சரியாத்தான் சொல்லியிருக்கான், வீட்டைத்தான் இழுத்துக்கிட்டுப் போற."

அவன் இறங்கி வந்து எண்ணைப் பார்த்தான். நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், வெட்கப்படுவான், சாமானைக் குறைப்பான் என்று. கிரேடர்காரன் மண்டை அப்படி ஓடவில்லை. அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! அதான் ஏற மாட்டேங்குது. இவ்வளவு எடைக்கு ட்யூன் இல்லாம முடியவே முடியாது. நான் சொன்னப்ப யாரும் கேக்கல. மாரீன், இறங்கி வந்து பாரு. எண்ணைப் பாரு!"

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சீட்டைக் கிழித்து அவன் வாயில் திணித்திருப்பேன். மாரீன் இறங்கி வந்தாள். இருவர் எடையும் கழிந்து 7700க்கு இறங்கியிருந்த விளக்கைப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"என்ன, வாயடைச்சுப் போச்சா? எவ்வளவு போட்டிருக்கு, படி," என்றான் ராய்ஸ்.

"ஏழு," என்றாள். "அப்புறம் ஒரு சுழி."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல."

"விளையாடாத. முழ உயரத்துக்குப் போட்டிருக்கு. அந்தக் கண்ணை மூடிக்கிட்டு நல்ல கண்ணால பாரு."

"நல்ல கண்ணாலதான் பாக்கறேன் ராய்ஸ்."

கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. ராய்ஸ் அவளைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், திரும்ப அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தெரியும் என்று தலையசைத்தேன்.

"எப்பலேர்ந்து?"

"ஈஸ்டர்லேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அதுக்கும் ஒரு ஸ்பேர் தேடியிருப்ப."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. மேடையின் இரும்பு விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். அவன் எடை சேர்ந்து எண் ஏறியது. நான் உள்ளே போய் விளக்கை அணைத்துவிடலாமா என்று நினைத்தேன். அப்புறம் எழுந்தவன் கேரவன் கதவைத் திறந்து, ஜெனரேட்டரைக் கட்டிப் பிடித்து வெளியே இழுத்து, மேடைக்கு வெளியே கொண்டுவந்து வைத்தான்.

"எவ்வளவு?" என்றான்.

"உங்க ரெண்டு பேரையும் சேத்து ஏழாயிரத்து எண்ணூறு."

அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினான். கூரைத் தட்டின் டயர்கள், காற்றடிக்கிற மெஷின், இரண்டாவது குளிர்ப்பெட்டி, வெல்டிங் சாமான். நான் ஒவ்வொரு முறையும் எண்ணைச் சொன்னேன். மாரீன் குறுக்கே வந்து, இறக்கியதைக் கையால் தடவிப் பார்த்து விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"வாட்டர் பம்ப்பு. ஸ்பேர்."

"முப்பத்தொரு வருஷத்துல எத்தனை வாட்டர் பம்ப்பு மாத்தின?"

"ஒண்ணு."

"இது?"

அது ஒரு மரப்பெட்டி. இரண்டு பேர் தூக்கவேண்டிய கனம். அவள் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டாள். கட்டைவிரல் பருமனுக்குப் போல்ட்டுகள்.

"இது எந்த வண்டிக்கு?"

"கிரேடர் பிளேடுக்கு," என்றான் மெல்ல.

"எந்தக் கிரேடர் ராய்ஸ்?"

"தெரியல மாரீன்," என்றான். "எப்பவும் எடுத்துப் போவேன். அதனால வச்சேன். எதுவும் இல்லாம உன்னை நடுரோட்டுல நிறுத்திடுவேனோன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல."

அவள் போல்ட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் வெள்ளிக்கிழமைகளில் காத்திருந்தவள் அவள். அவளை விட்டுவிட்டுப் போவதுதான் அவன் பழக்கம். கூட்டிக்கொண்டு போவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் அவன் மேல் இருந்த கோபமெல்லாம் போயிற்று.

தண்ணீர் டாங்கில் பாதியைத் திறந்துவிட்டோம். அவர்கள் இருவர் எடையையும் சேர்த்து ஏழாயிரத்து இருபதில் வந்து நின்றது. கேரவனில் இனி இறக்க ஒன்றுமில்லை. படுக்கை, சட்டி, துணி, பின்னால் அவனுடைய பழைய கருவிப்பெட்டி.

"என்னை இறக்கிடு, சரியாப் போயிடும்," என்றாள் மாரீன்.

"வாயை மூடு," என்று கருவிப்பெட்டியை இறக்கினான். அதிலிருந்து நாலு ஸ்பேனரும் ஒரு இடுக்கியும் எடுத்துத் துணியில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்தான். இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். 6960. சீட்டு அடித்துக் கொடுத்தேன். ராய்ஸ் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் பின்னால் கிடங்கு முற்றத்தில் ஒரு சின்னக் கடை வைக்கிற அளவுக்குச் சாமான் கிடந்தது.

திங்கட்கிழமை ஜாரட்டுக்குப் போன் செய்தான். நான் அங்கேதான் ஸ்கோன் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"ஏழாயிரத்துக்குள்ள வந்திடுச்சா?" என்றான் ஜாரட். "அப்ப ஒண்ணு சொல்றேன், கடைக்காரனாச் சொல்லல. இப்பப் போய்ட்டு வாங்க. ட்யூன் பண்ணினா மேட்டுல சுகமா இருக்கும், அது உண்மை. ஆனா மேடு ரோட்டுல எவ்வளவு இருக்கு? வடக்கே முக்கால்வாசி தட்டை. ஐயாயிரத்து ஐநூறு குடுத்து மொத்தமா இருபது நிமிஷம் மிச்சம் பிடிப்பீங்க."

"இருபது நிமிஷம்," என்றான் ராய்ஸ்.

"கூடிப்போனா இருபத்தஞ்சு."

"ஒருத்தனைத் தாண்டலாம்ல?"

"தாண்டலாங்க. நல்லாத் தாண்டலாம்."

ராய்ஸ் ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஆசை விடவில்லை, அது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. "சரி, லிஸ்ட்லேர்ந்து என் பேரை எடுத்துடு," என்றான். போனை வைத்தபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். முந்தின நாள்தான் முதல் மழை வந்திருந்தது. ஊரே டிராக்டரில் இருந்ததால் வழியனுப்ப நான் ஒருத்திதான். மாரீன் புதுச் சட்டை போட்டிருந்தாள், பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தாள். நான் சரிசெய்து விட்டேன். அவர்கள் வளைவில் திரும்புகிறவரை கையாட்டினேன். அதற்கப்புறம் வீட்டுக்குள் போக மனம் வரவில்லை. எனக்கும் அப்படி ஒருவன் இருந்து, எங்காவது கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லி இழுத்தடித்துக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது. ஈர ரோட்டில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

பிண்டூன் ஏற்றத்தில் இரண்டாவது கியர்தானாம். நாற்பத்தெட்டு. பின்னால் ஏழு வண்டி. ரேடியோவில் எவனோ ஆரம்பித்ததும் ராய்ஸ் வியர்த்துப்போய் ஓரம் கட்டப் பார்த்திருக்கிறான். மாரீன் ரேடியோ மைக்கைப் பிடுங்கி, "பொறுத்து வா தம்பி, கல்யாணமாகி நாப்பத்து நாலு வருஷம் கழிச்சு ஹனிமூன் போறோம், அவசரப்பட்டா கிழவனுக்கு மூச்சு வாங்கும்" என்றாளாம். மேட்டு உச்சியில் தாண்டிப்போன லாரிகள் ஒவ்வொன்றும் ஹார்ன் அடித்துவிட்டுப் போயினவாம். அன்று ராத்திரி ராய்ஸ் போன் செய்து இதை மூன்று தடவை சொன்னான்.

அதற்கப்புறம் பதினோரு நாள் தகவல் இல்லை. சிக்னல் இல்லாத ஊர். பன்னிரண்டாம் நாள் திங்கட்கிழமை மாரீன் ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து கூப்பிட்டாள்.

"வந்துட்டோம் ட்ரிஷ். நாலு நாளாச்சு. ஆத்தங்கரையிலேயே கேரவனைப் போட்டாச்சு."

"ஆறு எப்படி இருக்கு? அதே நிறமா?"

"அதே நிறம்," என்றாள். "இப்பவும் சொல்லத் தெரியல."

"கண்ணு எப்படி?"

பின்னால் ராய்ஸ் யாரிடமோ டீசல் விலையைப் பற்றிச் சண்டை போடுவது கேட்டது.

"வலது சரியில்ல. வழியிலேயே இன்னும் கொஞ்சம் போயிடுச்சு. நேராப் பாத்தா ஆறு இல்ல ட்ரிஷ். முதல் நாள் சாயங்காலம் நின்னு நின்னு பாத்தேன், இருட்டுதான். அழுதுட்டேன், அவன் சந்தோஷத்துல அழறேன்னு நெனச்சுக்கிட்டான். அப்புறம் கண்டுபிடிச்சேன். பக்கத்துல வேற எதையாவது பாக்கணும். அப்பத்தான் ஆறு ஓரத்துல வந்து நிக்குது. முழுசா, கரை, மரம், தண்ணி, எல்லாம்."

"வேற எதைப் பாக்கற?"

"ராய்ஸைத்தான். சாயங்காலமானா அவனை அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உக்கார வச்சிடறேன். அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கேன், ஆறு தெரியுது. நாலு நாளாக் கண்ணெடுக்காம அவனையே பாக்கறேன்னு அவனுக்கு ஒரே வெக்கம். நாப்பத்து நாலு வருஷத்துல இப்படிப் பாத்ததே இல்லையேங்கறான். தினமும் ஷேவ் பண்ணிக்கிறான், தலை சீவிக்கிறான்."

"நீ அவன்கிட்ட சொல்லலையா?"

"என்னன்னு சொல்ல? இங்க எல்லாம் தெரியுது, உன் மூஞ்சி ஒண்ணுதான் தெரியலன்னா?"